கொன்றவனை விட்டுவிட்ட பேய்

கேள்வி: வணக்கம் மேடம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். காலேஜ் ஹாஸ்டலில் ‘ரிங்’ ஜப்பான் படத்தைப் பார்த்தபிறகு ரொம்ப நாள் டிவிக்கு முதுகைக் காட்டிப் படுத்ததில்லை. “படமே இப்படின்னா நாவல் எப்படி இருக்கும்!” என்று நண்பர்கள் ஏற்றிவிட்டதில், கோஜி சுசுகியின் மூன்று பாகங்களையும் ஆங்கிலத்தில் மொத்தமாக வாங்கிவிட்டேன். முதல் பாகம் முடிந்தது. பயம் வரவே இல்லை. ஒரு நிருபரும் ஒரு காலேஜ் வாத்தியாரும் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். பேய்ப் பெண் சடாகோ டிவியிலிருந்து வெளியே வருவதே இல்லை. அவளைக் கெடுத்துக் கிணற்றில் தள்ளிய டாக்டர் நிம்மதியாகக் கிளினிக் நடத்துகிறான். அவனை விட்டுவிட்டு எங்கோ இருக்கிற பிள்ளைகளைக் கொல்கிறாள். எலும்பை எடுத்துச் சொந்தக்காரர்களிடம் ஒப்படைத்த பிறகும் சாவு நிற்கவில்லை. பழிவாங்கும் பேய் என்றார்களே, இது என்ன பேய்? எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா? மீதி இரண்டு பாகத்தைப் படிக்கலாமா, பழைய புத்தகக் கடையில் போட்டுவிடலாமா? உண்மையிலேயே பழிவாங்கும் பேய்க் கதை ஒன்று சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. திகில் நாவலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் நூலகக் கவுன்டரில் சொல்வது “பேயே வரல மேடம்” என்பதுதான். அதற்கு நான் சிரித்துவிட்டு அட்டையில் தேதியைக் குத்திக் கொடுத்துவிடுவேன். உங்கள் கடிதத்தில் அதைவிட நல்ல புகார் ஒன்று இருக்கிறது. கொன்றவனை ஏன் விட்டாள்? இந்த நாவலைப் படித்த பலர் இதைக் கேட்காமலே தாண்டிப் போயிருக்கிறார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் பதில் கொஞ்சம் நீளம். கதையின் முடிவையும் பேசப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு வரலாம்.

முதலில் படத்தைப் பிரித்து வைத்துவிடுவோம். நாவல் வந்தது 1991. நீங்கள் ஹாஸ்டலில் பார்த்த படம் 1998, இயக்கியவர் ஹிதியோ நகாதா, திரைக்கதை ஹிரோஷி தகஹாஷி. இடையில் ஏழு வருடம். டிவிப் பெட்டியிலிருந்து முடியை விரித்துப்போட்டு ஊர்ந்து வருகிற அந்தக் காட்சி முழுக்கப் படக்காரர்களின் கைவண்ணம். அதில் சடாகோவாக நடித்த ரியே இனோவை உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிற மாதிரி பின்பக்கமாக நடக்கவிட்டு, படச்சுருளைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த நடை மனித நடையாகத் தெரியவில்லை. இதைக் காகிதத்தில் எழுதினால் என்ன மிஞ்சும்? “அவள் ஊர்ந்து வந்தாள்.” படத்தில் துப்புத் தேடுகிற பெண் நிருபர், நாவலில் ஒரு ஆண். படத்தில் சடாகோவைக் கிணற்றில் தள்ளுகிறவரே வேறு ஆள். ஆக, ஒருவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு இன்னொருவர் வீட்டில் போய் அதே ருசியைத் தேடியிருக்கிறீர்கள். அதில் உங்கள் தப்பு கொஞ்சம், ஏற்றிவிட்ட நண்பர்கள் தப்பு நிறைய.

நோட்டுப் புத்தகம், கணக்கு என்று அலுத்துக்கொண்டீர்கள். அதற்குக் காரணம் உண்டு. சுசுகி இந்தக் கையெழுத்துப் பிரதியை அனுப்பியது பேய்க்கதைப் போட்டிக்கே இல்லை. யோகோமிசோ செய்ஷி என்கிற துப்பறியும் எழுத்தாளர் பெயரில் இருக்கும் பரிசுக்கு 1990-இல் போய், இறுதிச் சுற்று வரை வந்து, பரிசு கிடைக்காமல் திரும்பிய கதை இது. துப்பறியும் கதையின் எலும்புக்கூட்டில்தான் சதை வைத்திருக்கிறார். ஒரே ராத்திரி, ஒரே நேரம், வேறு வேறு இடங்களில் நான்கு இளைஞர்கள் சாகிறார்கள். நாலு பேருக்கும் பொது என்ன? எங்கே சேர்ந்து தங்கினார்கள்? அங்கே என்ன பார்த்தார்கள்? இப்படித்தான் நிருபர் அசகாவா நூல் பிடித்துக்கொண்டு ஹகோனே பக்கத்து மலைவிடுதிக்குப் போய்ச் சேர்கிறார், அங்கே பார்த்தவர்களைக் கொல்லும் ஒரு வீடியோ டேப் கிடைக்கிறது. பேயை எதிர்பார்த்துப் படித்தால் இந்தப் பக்கங்கள் இழுவை. துப்பறியும் கதையாகப் படித்தால் நல்ல வேகம்.

அந்தத் துப்பறிதலுக்குள்ளேயே பயத்தை ஒளித்து வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. இரண்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்.

ஒன்று, கண் இமை. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது சில காட்சிகளில் மட்டும் நொடிக்கும் குறைவாகத் திரை கறுத்துப் போவதை அசகாவாவின் நண்பரான வாத்தியார் ரியூஜி கவனிக்கிறார். டேப் கோளாறு என்றுதான் யாரும் நினைப்போம். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபிறகு விஷயம் பிடிபடுகிறது. அது கண் சிமிட்டல். கேமராவில் எடுத்த படமே இல்லை இது, ஒருத்தி தன் கண்ணால் பார்த்தது. கறுப்பு விழாத காட்சிகள் அவள் மனதுக்குள் ஓடியவை. இதைத் தெரிந்துகொண்டபிறகு அந்தக் கடைசிக் காட்சிகளை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். வியர்வையோடு, தோளில் ரத்தம் வழிய, மிக அருகில் வருகிற அந்த ஆண் முகம். அப்புறம் வட்டமாகத் தெரிகிற ஒரு துண்டு வானம். தாக்கப்படுகிறவளின் கண்ணுக்குள்ளிருந்து, கிணற்றின் அடியில் கிடக்கிறவளின் கண்ணுக்குள்ளிருந்து இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது நாம்தான். பேய் எங்கே என்று தேடினீர்களே தம்பி, பாதி நாவல் அதன் கண்ணுக்குள் உட்கார்ந்துதான் படித்திருக்கிறீர்கள். சினிமாவில் இதைச் செய்வது கஷ்டம், எழுத்தில் செய்திருக்கிறார்.

இரண்டாவது, கொசுவத்தி விளம்பரம். “இதைப் பார்த்தவர்கள் ஒரு வாரத்தில் இதே நேரத்தில் சாவார்கள். சாக விருப்பமில்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்” என்று வீடியோ சொல்லத் தொடங்குகிறது. அந்த இடத்தில் பட்டென்று ஒரு கொசுவத்தி விளம்பரம் ஓடுகிறது. முன்பு பார்த்த பிள்ளைகள் விளையாட்டாக அந்தப் பகுதியின் மேல் டிவி நிகழ்ச்சியைப் பதிந்து அழித்துவிட்டார்கள். உயிர் பிழைக்கும் வழி அங்கேதான் இருந்தது, இப்போது கொசுவத்திதான் இருக்கிறது. எனக்கு இந்த நாவலில் நிஜமாகவே வயிற்றைப் பிசைந்த இடம் இது. ரத்தமும் இல்லை, முடியும் இல்லை.

மனதால் படம் பதிக்கிற சமாச்சாரம் சுசுகி சும்மா ஊதிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் நடந்த கதை ஒன்று இருக்கிறது, நாவலைவிடச் சோகமானது. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் கற்பித்த டோமோகிச்சி ஃபுகுராய் என்பவர், மூடிய உறைக்குள் இருப்பதைப் படிக்க முடிகிறது என்று சொல்லப்பட்ட குமமோட்டோ ஊர்ப் பெண் ஒருவரைச் சோதித்தார். பெயர் சிசுகோ மிஃபுனே, பிறந்தது 1886. 1910-இல் அறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள் முன்னால் பரீட்சை நடந்தது. சந்தேகம் கிளம்பியது, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 1911 ஜனவரியில் அவர் விஷம் குடித்து இறந்துபோனார், இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. ஃபுகுராய் அதோடு விடவில்லை. மனதால் புகைப்படத் தகட்டில் உருவம் பதிக்க முடியும் என்று வேறு பெண்களையும் சோதித்தார், அவர்களில் ஒருவர் பெயர் சடாகோ தகஹாஷி. கடைசியில் பல்கலைக்கழக வேலையும் போனது. நாவலில் சடாகோவின் அம்மா ஷிசுகோ கூட்டத்தின் நடுவே அவமானப்பட்டு மிஹாரா எரிமலையில் விழுந்து சாகிறாளே, வீடியோவில் முகம் முகமாக வந்து “பொய்காரி” என்று கத்துகிறார்களே, அதெல்லாம் இங்கிருந்து வந்தது. நாவலின் நடுப்பகுதியில் சடாகோவின் ஊரான ஓஷிமா தீவில் விசாரணை நீண்டுகொண்டே போகும்போது பலர் பக்கத்தைத் தள்ளுகிறார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால் அந்தப் பக்கங்கள் அவ்வளவு வறட்சியாக இருக்காது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்.

பழிவாங்கும் பேய் என்றால் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழையனூர் நீலியைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கொன்றவன் மறுபிறவி எடுத்து வந்தாலும் விடாமல், கரிக்கட்டையைப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஊர்ச் சபை முன்னால் நியாயம் கேட்டு, அவனைத் தீர்த்தவள். அவளை நம்பி வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீயில் இறங்கினார்கள். தெற்கே போனால் இசக்கி, கோபம் தணிய அவளுக்குக் கோயில், கொடை, வில்லுப்பாட்டு. அநியாயம் நடந்தது, ஆத்திரம் வந்தது, பழி தீர்ந்தது, படையல் போட்டோம், சாந்தமானாள். வரவும் செலவும் நேராகிவிடும்.

ஜப்பான்காரர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு, நம்மைவிடக் கறாராகவே உண்டு. சுகவாரா நோ மிச்சிசானே என்ற பெரிய அறிஞர், அரண்மனைச் சூழ்ச்சியால் நாடுகடத்தப்பட்டு 903-இல் இறந்தார். அவரை விரட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 930-இல் அரண்மனையிலேயே இடி விழுந்தது. பயந்துபோய்ப் பட்டம் பதவியெல்லாம் திருப்பிக் கொடுத்து, கியோட்டோவில் கோயில் கட்டினார்கள். இன்றைக்கு அவர் கல்விக் கடவுள், பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். அரசவையில் அப்படி, நாடக மேடையிலும் அப்படித்தான். 1825-இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரங்கேறிய கபுகி நாடகத்தில் புருஷன் செய்த துரோகத்தில் முகம் வெந்து, சீவச் சீவ முடி கொத்துக் கொத்தாக வருகிற பெண். அவள் விடாமல் துரத்துவது அந்தப் புருஷனைத்தான். இப்போதும் அந்த நாடகம் போடுவதற்கு முன்னால் நடிகர்கள் அவள் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவது வழக்கம். தட்டுகளை எண்ணிக்கொண்டே கிணற்றிலிருந்து எழுந்து வரும் வேலைக்காரப் பெண் ஓகிகுவும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த பேய். சடாகோவின் கிணறு அங்கிருந்து வந்த கிணறுதான்.

அசகாவாவும் ரியூஜியும் இந்தக் கணக்கில் வளர்ந்தவர்கள். அதனால்தான் விடுதியின் தரைக்கடியில் புகுந்து, கிணற்றைத் திறந்து, வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து எலும்பைத் தேடுகிறார்கள். கைக்கு மண்டையோடு கிடைக்கிறது. அசகாவாவின் கெடு தாண்டுகிறது, அவர் சாகவில்லை. ஆத்மா சாந்தியடைந்துவிட்டது என்று அவரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். அடுத்த நாள் ரியூஜி செத்துப்போகிறார்.

நீங்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அது ஆசிரியர் வேண்டுமென்றே விட்ட உதை. பேய்க்குக் குறை தீர்த்தால் போய்விடும் என்பதுதான் இந்த நாவலில் வைத்திருக்கும் தப்பான விடை. ஆயிரம் வருடம் வேலை செய்த பரிகாரம் இங்கே எடுபடவில்லை. அசகாவா பிழைத்ததற்குக் காரணம் எலும்பும் இல்லை, இரக்கமும் இல்லை. ரியூஜி பார்ப்பதற்காக டேப்பை ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். ரியூஜி யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை.

டாக்டரை ஏன் விட்டாள் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சடாகோவைக் கெடுத்தபோது அந்த ஆளுக்குப் பெரியம்மை. அவளுக்கும் அது தொற்றிவிட்டது. கிணற்றுக்குள் விழுந்தது ஒரு பெண் மட்டும் இல்லை, ஒரு கிருமியும் சேர்ந்துதான். உலகில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. பிழைக்க ஆள் கிடைக்காமல் போன அந்தக் கிருமியும், அம்மாவைக் கேவலப்படுத்திய ஊர் உலகத்தின் மேல் சடாகோவுக்கு இருந்த வெறுப்பும் கிணற்றடியில் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அசகாவா கடைசியில் போடுகிற கணக்கு. கிருமிக்கு எதிரி என்று யாரும் கிடையாது. யார் கெட்டவன், யார் அப்பாவி என்று அது பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது பெருக ஒரு வழி. பழிவாங்கும் பேய் டாக்டரைத் தேடி அவன் கிளினிக் வாசலில் போய் நின்றிருக்கும். இது நிற்காது, அவனால் இதற்கு ஒரு லாபமும் இல்லை.

உங்கள் வயதுக்கு இது எப்படித் தெரியுமோ, எங்கள் தலைமுறைக்கு இந்த முடிவு உடனே புரிந்தது. அந்தக் காலத்தில் திடீரென்று ஒரு தபால் கார்டு வரும். சாமி பெயரைப் போட்டு, இதை இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் நல்ல சேதி வரும், கிழித்துப் போட்ட இன்ன ஊர்க்காரர் ரத்தம் கக்கிச் செத்தார் என்று எழுதியிருக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள்கூட, எதற்கு வம்பு என்று போஸ்ட் ஆபீசுக்குப் போய்க் கார்டு வாங்குவார்கள். ஜப்பானிலும் 1970-களில் இதே மாதிரி மிரட்டல் கடிதங்கள் வீடு வீடாகச் சுற்றின. இப்போது அது வாட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்புகிறவருக்கு யார் மேலும் கோபம் கிடையாது. தன் தலை தப்பினால் போதும். அசகாவாவும் கடைசியில் காரில் வீடியோ டெக்கை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். மனைவியும் கைக்குழந்தையும் டேப்பைப் பார்த்துவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்ற இரண்டு பிரதி வேண்டும், அதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். போகிற இடம் மனைவியின் அம்மா அப்பா வீடு. நல்ல மனுஷன், ரௌடி கிடையாது, மாமனார் மாமியாரிடம் சாவைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறான். பேயால் முடியாததை ஒரு அப்பா செய்கிறார். சுசுகி, மனைவி வேலைக்குப் போக, வீட்டில் இருந்து தன் பெண் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே எழுதியவர் என்பதைத் தெரிந்துகொண்டு இந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

இவ்வளவு வக்காலத்து வாங்கியதால் நாவல் பழுதில்லாதது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட குறைகளை நானே எழுதுகிறேன். ரியூஜி தான் பெண்களைக் கெடுத்ததாகப் பெருமையாகச் சொல்கிறான். அசகாவா முகம் சுளித்துவிட்டு நட்பைத் தொடர்கிறார். அது உண்மையா பொய்யா என்று கடைசியில் ஒரு குழப்பத்தைப் போட்டு ஆசிரியர் நழுவிக்கொள்கிறார். சடாகோவுக்கு நடந்த கொடுமையை நாம் கேட்பது கொடுமை செய்தவன் வாயிலிருந்து. அவள் உடல் வழக்கமான ஆண், பெண் உடல் இல்லை என்ற விஷயமும் அதே வாயிலிருந்து, ஒரு அதிர்ச்சிக்காக எடுத்துப் போட்டதுபோல வருகிறது. அதைக்கொண்டு அவளைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் புரிவதில்லை. அசகாவாவின் மனைவிக்குக் கதையில் காப்பாற்றப்பட வேண்டியவள் என்பதைத் தாண்டி வேலையே கிடையாது. துப்பறியும் நாவலுக்குப் பொம்மை மாதிரி ஆட்கள் போதும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இந்தக் கடைசி முடிவுக்கு அது போதாது. மாமனார் மாமியாரை நாம் ஒரு பக்கமாவது பார்த்திருந்தால் அந்தக் கார் பயணம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்! படத்தில் நிருபரைப் பெண்ணாக்கி, ரியூஜியை அவள் முன்னாள் கணவனாக்கி, கூடவே அவர்கள் பையனையும் வைத்தது இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். அந்த மட்டில் படம் நாவலைவிட ஒரு படி மேல்.

மீதி இரண்டு பாகம் பற்றிக் கேட்டீர்கள். இரண்டாம் பாகம் ‘ஸ்பைரல்’, 1995. அதற்கு யோஷிகாவா எய்ஜி பெயரிலான இளம் எழுத்தாளர் பரிசும் கிடைத்தது. ரியூஜியின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டரிடமிருந்து தொடங்கி, மரபணு, சங்கேதக் குறியீடு என்று போகும். கிருமி விஷயம் உங்களைக் கொஞ்சமாவது பிடித்து இழுத்திருந்தால் படியுங்கள், முதல் பாகத்தைவிட இறுக்கமான நாவல். பேய் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தொடாதீர்கள். 1998-இல் ‘ரிங்’ படத்தோடு ஒரே நாளில் ‘ஸ்பைரல்’ படமும் வெளியானது. கூட்டம் முதல் படத்துக்குத்தான். படக்காரர்கள் இரண்டாவதை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த வருடமே வேறு கதையோடு ‘ரிங் 2’ எடுத்தார்கள். நீங்கள் கேட்ட அதே கேள்வியை அங்கே தியேட்டரில் கேட்டிருக்கிறார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம். மூன்றாம் பாகம் ‘லூப்’ முழுக்க அறிவியல் புனைகதை. அதில் பேயைத் தேடினால் மறுபடியும் எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதைத் தாராளமாகப் பழைய புத்தகக் கடையில் போடலாம்.

சுசுகியையே அடியோடு விட்டுவிட வேண்டாம். 1996-இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்று ‘டார்க் வாட்டர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் முதல் கதை மட்டும் போதும். சின்னப் பெண்ணோடு தனியாக அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் அம்மா, மொட்டை மாடியில் கிடைக்கும் ஒரு குழந்தையின் சிவப்புப் பை, அப்புறம் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. நம் ஊரில் குழாயைத் திறந்தால் வருவதெல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீர்தான் என்பதால் ஜப்பான்காரர்களைவிட நமக்கு இது கூடுதலாகவே வேலை செய்யும். படித்துவிட்டு இரண்டு நாள் கேன் தண்ணீர் வாங்கினேன் என்று எங்கள் வாசகி ஒருவர் சொன்னார்.

உண்மையிலேயே பழிவாங்கும் பேய் கேட்டீர்கள். உங்களுக்கு ஏற்றது உயேடா அகினாரி 1776-இல் வெளியிட்ட ‘உகெட்சு மோனோகதாரி’யில் இருக்கும் கிபிட்சுக் கொப்பரைக் கதை. ஆங்கிலத்தில் அந்தனி சேம்பர்ஸ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, 2007-இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. கல்யாணத்துக்குக் குறி பார்க்கக் கோயில் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கவைக்கிறார்கள். நல்ல சகுனமென்றால் அது முழங்க வேண்டும், சத்தமே வரவில்லை. இருந்தும் கல்யாணம் நடக்கிறது. அருமையான மனைவி. புருஷன் ஊதாரி. அவளை ஏமாற்றிப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு இன்னொருத்தியோடு ஓடிவிடுகிறான். மனைவி சாகிறாள். அதற்குப் பிறகு ஒரு மந்திரவாதி அவன் உடம்பு முழுக்க மந்திரம் எழுதிவிட்டு, 42 நாள் கதவைத் திறக்காதே என்கிறார். ஒவ்வொரு ராத்திரியும் அவள் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறாள். 42-ஆம் ராத்திரி என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பக்கங்கள்தான். கணக்கு முழுசாகத் தீரும், உங்கள் மனசும் ஆறும்.

அதை முடித்ததும் லாஃப்காடியோ ஹெர்ன் தொகுத்த ‘க்வைதான்’ நூலை எடுங்கள். 1904-இல் வந்தது, காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் ‘டிப்ளமசி’ என்று மிகச் சின்னக் கதை. தலையை வெட்டப்போகும் நேரத்தில், செத்தபிறகு வந்து பழிவாங்குவேன் என்று ஒரு கைதி சபதம் போடுகிறான். வெட்டச் சொன்ன சாமுராய் பயப்படாமல் அவனிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறார். அந்த வேண்டுகோள் என்ன, பேய் வந்ததா இல்லையா என்பதுதான் கதை. ஹெர்ன் எழுதியதில் இன்னொன்று, வாக்கு மீறிய கணவனைப் பற்றியது. 1901-இல் வந்த ‘எ ஜாப்பனீஸ் மிசலனி’ தொகுப்பில் இருக்கிறது. செத்துப்போன முதல் மனைவிக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறிக் கணவன் மறுகல்யாணம் செய்துகொள்கிறான். முதல் மனைவி திரும்பி வருகிறாள், வந்தவள் அவனைத் தொடவில்லை. கதை முடிந்ததும் கேட்டுக்கொண்டிருந்தவர் கிட்டத்தட்ட உங்கள் புகாரையே சொல்கிறார், பழி வாங்குவதென்றால் அவனையல்லவா வாங்கியிருக்க வேண்டும் என்று. சொன்னவர் ஒரே வரியில் பதில் சொல்கிறார். அந்த வரியை அங்கேயே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பதில் உடன்பாடில்லை. உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள் தம்பி.